அங்க அடையாளங்கள்: ஏதுமில்லை

(மயிலாப்பூரில் ஆசிரியர்களுக்கு நடந்த திரைப்பட ரசனைப் பயிற்சி ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பேச வருகிறவன் பாவப்பட்டவன். அதனால் ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். நம்மில் எத்தனை பேர் கையால் டி.சி. எழுதியிருக்கிறோம்? எமிஸ் வருவதற்கு முன்னால், ஜூன் மாதத்தில், கார்பன் தாள் வைத்து? நிறையக் கைகள் உயர்கின்றன. அப்படியென்றால் 'மாணவரின் அங்க அடையாளங்கள்' என்ற கட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். அ, ஆ என்று இரண்டு வரி. வலது கன்னத்தில் ஒரு மச்சம், இடது முழங்கையில் ஒரு தழும்பு. பையன் எதிரில் நிற்கும்போது பார்த்து எழுதியவர்கள் எத்தனை பேர் என்று கேட்கமாட்டேன். கேட்டால் முதலில் என் கைதான் இறங்கும்.

இன்று நான் பேச வந்திருப்பது ஒரு போலந்துப் படம் பற்றி. பெயர் 'ரிசோபிஸ்'. 1964இல் எடுத்து முடித்த கறுப்பு வெள்ளைப் படம், ஒன்றேகால் மணி நேரம் ஓடும். போலந்து மொழியில் அந்தச் சொல்லுக்கு ஒருவரை அடையாளம் காட்டும் விவரக் குறிப்பு என்று பொருள். ஆங்கிலத்தில் வெளியிட்டபோது 'அடையாளக் குறிகள்: ஏதுமில்லை' என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள். அதாவது நாம் டி.சி.யில் நிரப்புகிற அதே கட்டம். அங்கே அது காலியாக இருக்கிறது.

சைதாப்பேட்டையில் பி.எட். படித்த காலத்தில், நண்பர் ஒருவர் ஒரு திரைப்படச் சங்கத் திரையிடலுக்கு இழுத்துப் போனார். அங்கேதான் இதைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் பாதிப் படம் புரியவில்லை. சண்டை இல்லை, பாட்டு இல்லை, கதை என்று சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பையனின் முகம் மட்டும் இருபது ஆண்டுகளாகக் கூடவே வருகிறது.

கதை இவ்வளவுதான். ஆந்த்ஜேய் என்று ஒரு இளைஞன். மீன்களைப் பற்றிப் படிக்கிறேன் என்று கல்லூரியில் சேர்ந்து, மாணவன் என்ற சலுகையில் கட்டாய இராணுவச் சேவையைச் சில ஆண்டுகள் தள்ளிப்போட்டவன். படிப்பை முடிக்கவில்லை. ஒரு காலையில் ஆள்சேர்ப்புக் குழுவின் முன் நிற்கிறான். தேர்வாகிவிடுகிறான். அன்று பிற்பகலே ரயில் ஏற வேண்டும். இடையில் சில மணி நேரம் இருக்கிறது. அந்த நேரத்தில் அவன் ஊருக்குள் சுற்றுவதுதான் படம். மனைவியைப் பார்க்கிறான், வேறு சில பெண்களைச் சந்திக்கிறான். அவன் வாழ்க்கையில் வரும் வெவ்வேறு பெண்களாக ஒரே நடிகைதான் வருகிறார், எல்ஜ்பியேதா சிஜெவ்ஸ்கா. பழைய நண்பர்களைப் பார்க்கிறான். அவனுடைய நாய்க்கு நோய். கால்நடை மருத்துவரிடம் கொண்டு போகிறான், அதைக் கொல்ல வேண்டியதாகிறது. கடைசியில் ஓடிப்போய் ரயிலைப் பிடித்துவிடுகிறான். முடிந்தது.

இயக்குநர் யெர்சி ஸ்கோலிமோவ்ஸ்கி. கதாநாயகனும் அவரே. 1938இல் பிறந்தவர். போலான்ஸ்கியின் 'தண்ணீரில் கத்தி' படத்தின் திரைக்கதையில் பங்கு உண்டு. எண்பது வயதைத் தாண்டி, ஒரு கழுதையைக் கதாநாயகனாக வைத்து 'ஈஓ' என்று படம் எடுத்து, 2022இல் கான் விழாவில் நடுவர் குழுப் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஓய்வு பெற இன்னும் எத்தனை ஆண்டு என்று விரல் விட்டு எண்ணுகிற நம்மைப் போன்றவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

ஆசிரியர்களாகிய நமக்கு இந்தப் படத்தில் ஒரு தனிச் செய்தி இருக்கிறது. இது ஒரு மாணவரின் வீட்டுப்பாடம். வூச் நகரத் திரைப்படப் பள்ளியில் ஒவ்வொரு ஆண்டும் பயிற்சிக்கென்று மாணவர்களுக்குக் கொஞ்சம் பிலிம் சுருள் கொடுப்பார்கள். மற்றவர்கள் அதில் தனித்தனிக் குறும்படம் எடுத்துக் காட்டிவிட்டுப் போனார்கள். இவர் முதலிலேயே ஒரு முழுநீளக் கதையை மனத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பயிற்சியையும் அதன் ஒரு துண்டாக எடுத்தார். படிப்பு முடியும்போது துண்டுகளை ஒட்டினார். கையில் ஒரு முழுப் படம்! அவருடைய ஆசிரியர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு துண்டையும் தனியாகப் பார்த்து மதிப்பெண் போட்டவர்களுக்கு அது என்னவென்று தெரிந்திருக்க வழியில்லை. நாமும் ஒரு பையனின் ஒரு வருடத் துண்டைத்தான் பார்க்கிறோம்.

இந்தப் படத்தைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை. தயவுசெய்து வேண்டாம். நம் பள்ளிகளில் சிறார் திரைப்பட விழா தொடங்கியபோது சாப்ளினின் 'தி கிட்', 'தி ரெட் பலூன்' என்று காட்டினோமே, அவைதான் அவர்களுக்குச் சரி. இது நாம் பார்க்க வேண்டிய படம். நான் செய்தது வேறு. பன்னிரண்டாம் வகுப்பில், வரலாற்று ஆசிரியர் வராத ஒரு கடைசிப் பாடவேளையில், இந்தக் கதையை வாயால் சொன்னேன். நாய் செத்த இடத்தில் வகுப்பு அமைதியானது. கதை முடிந்ததும் முதல் கேள்வி, "நாயை எங்க சார் புதைச்சான்?" இரண்டாவது கேள்வி, "சார், நம்ம நாட்டுல இப்படிக் கட்டாயம் உண்டா?"

சமூக அறிவியல் ஆசிரியருக்கு இதைவிட நல்ல கேள்வி கிடைக்காது. இந்தியாவில் கட்டாய இராணுவச் சேவை இல்லை. விடுதலைக்குப் பிறகு ஒருநாளும் இருந்ததில்லை. ஆனால் அரசமைப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். கட்டாய உழைப்பைத் தடைசெய்கிற அதே பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, பொது நோக்கங்களுக்காக அரசு கட்டாயச் சேவை விதிக்கலாம், அதில் மதம், இனம், சாதி, வர்க்கம் பார்த்துப் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. பாடம் நடத்தும்போது முதல் உட்பிரிவோடு நிறுத்திவிடுகிறோம்.

அதற்கு மிக நெருக்கமாக இங்கே நடந்த ஒன்று என்.சி.சி. 1948இல் தொடங்கிய அமைப்பு, 1962 சீனப் போருக்குப் பின், 1963இல் கல்லூரி மாணவர்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டது. 1968இல் மீண்டும் விருப்பப் பயிற்சியானது. என் பெரியப்பா அந்த ஆண்டுகளில் மயிலாப்பூரில் ஒரு கல்லூரியில் பி.யு.சி. படித்தவர். இன்றைக்கும் மாட வீதியில் காய்கறி வாங்கப் போகும்போது பழைய நண்பர் எதிர்ப்பட்டால் நெஞ்சை நிமிர்த்தி, குதிகாலைச் சேர்த்து நிற்பார். வயது எழுபத்தெட்டு. அவருக்கு அணிவகுப்பு பிடிக்கவில்லை. பூட்ஸ் ஒரு அளவு பெரியது. உள்ளே செய்தித்தாளை மடித்து வைத்துக்கொண்டு நடந்தாராம். "சாவதான், விஷ்ராம்னு கத்துவான். எனக்கு ரெண்டுமே ஒண்ணுதான்டா, பக்கத்துல இருக்கிறவன் என்ன பண்றானோ அதைப் பண்ணுவேன்" என்பார். இதில் சிரிப்பு மட்டுமில்லை. 1965 மொழிப் போராட்டத்தின் சூடு ஆறாத காலம். 1968 ஜனவரி 23 அன்று அப்போதைய சென்னை மாநிலச் சட்டமன்றம், முதலமைச்சர் அண்ணாவின் தலைமையில் இருமொழிக் கொள்கைத் தீர்மானத்தை நிறைவேற்றியது. அது நமக்கெல்லாம் தெரியும். அதே தீர்மானத்தில் என்.சி.சி.யின் இந்திக் கட்டளைச் சொற்களும் இடம்பெற்றிருந்தன என்பதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். மொழிக் கொள்கை என்றால் அவர்களுக்குப் பாடப்புத்தகம். ஒரு பையன் வெயிலில் நின்றுகொண்டு எந்தச் சொல்லுக்குக் காலை நகர்த்துவது என்று விழித்தான் என்றால் அது கதை.

தமிழ் பேசும் உலகத்தில் கட்டாயம் என்பது நிஜமாகவே நடக்கிற இடங்கள் உண்டு. சிங்கப்பூரில் 1967இலிருந்து தேசிய சேவை இருக்கிறது. பதினெட்டு வயதானால் தமிழ்ப் பையனும் சீனப் பையனும் மலாய்ப் பையனும் மொட்டை போட்டுக்கொண்டு போகிறார்கள். தி. நகரில் கல்யாணப் புடவை எடுக்க வந்த என் ஒன்றுவிட்ட அக்கா, மகனைச் சேவைக்கு அனுப்பிய கதையைக் கடை வாசலில் வைத்துச் சொன்னார். அழவில்லை. "எல்லா வீட்டுப் பிள்ளையும்தானே போகுது" என்றார்.

இலங்கையில் நடந்ததை அப்படிச் சொல்ல முடியாது. போரின் இறுதி ஆண்டுகளில் வன்னியில் வீட்டுக்கு ஒருவர் என்று கட்டாயமாக இயக்கத்தில் சேர்த்தார்கள். பதின்ம வயதுப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். பிள்ளைகளைப் பெற்றோர் ஒளித்து வைத்தார்கள். மணமானவர்களை விட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கையில் அவசர அவசரமாகக் கல்யாணம் செய்து வைத்தார்கள். என் வகுப்பில் படித்த ஒரு மாணவியின் பாட்டி பெற்றோர் கூட்டத்துக்கு வந்தபோது இதைச் சொன்னார். பதினேழு வயது மகனைப் பகலெல்லாம் குழிக்குள் இருத்தி, மேலே பனையோலை போட்டு, அதன்மேல் விறகு அடுக்கி வைத்தாராம். "அவன் ஒரு தும்மல் தும்மினால் என் உயிர் போய் வரும் ஐயா" என்றார். 'தீபன்' படத்தை உங்களில் சிலர் பார்த்திருக்கலாம். 2015இல் கான் விழாவின் உயரிய விருதான தங்கப் பனை அதற்குக் கிடைத்தது. முன்னாள் போராளியாக நடித்த ஷோபாசக்தி எழுத்தாளர். அவரே இளம் வயதில் இயக்கத்தில் இருந்தவர். கூட நடித்த காளீஸ்வரி சீனிவாசன் நம் சென்னை நாடக மேடையிலிருந்து போனவர். போலந்துப் படத்துப் பையன் ரயிலைப் பிடிக்க ஓடுகிறான். இவர்கள் ரயில் வரவே கூடாது என்று குழிக்குள் உட்கார்ந்திருந்தார்கள்.

சரி, நம் வகுப்பறைக்குத் திரும்புகிறேன். நம் பையன்களுக்கு நிலைமை தலைகீழ். யாரும் அவர்களைப் பிடித்துக்கொண்டு போவதில்லை. அவர்கள்தான் போகத் துடிக்கிறார்கள். காலை ஐந்து மணிக்கு பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். ஷ்மிட் நினைவிடத்தருகே பத்துப் பன்னிரண்டு பையன்கள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நிற்பார்கள். 1,600 மீட்டரை 5 நிமிடம் 30 வினாடிக்குள் ஓடினால் முழு மதிப்பெண். மணலில் ஓடிப் பழகினால் தரையில் பறக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. நடைப்பயிற்சிக்கு வரும் அடையாறுப் பெரியவர்கள் ஒதுங்கி வழி விடுவார்கள்.

அதில் ஒருவன் என் மாணவன். பெயர் வேண்டாம். குப்பத்துப் பையன். பத்தாம் வகுப்பில், 2016இல், காலாண்டுத் தேர்வுத் தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது கணக்கில் பதினொன்று, அறிவியலில் பத்தொன்பது என்று பார்த்துவிட்டு, வகுப்பு முழுவதும் கேட்கும்படி நான் சொன்னேன்: "உனக்கெல்லாம் படிப்பு எதுக்குடா? உடம்பு நல்லா இருக்கு, மிலிட்டரிக்குப் போ." எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். நமக்கு அது வழக்கமான வசனம். படிப்பு வராத பையனுக்கு மிலிட்டரி, பேச்சு அதிகமுள்ளவனுக்கு அரசியல், சேட்டை செய்தால் மெக்கானிக் கடை.

அவன் அதைத் திட்டாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது எனக்கு இரண்டு ஆண்டு கழித்துத்தான் தெரிந்தது. வழிகாட்டுதலாக எடுத்துக்கொண்டான். அவனிடம் "நீ இதற்குப் பொருத்தமானவன்" என்று அதுவரை யாருமே எதைப் பற்றியும் சொன்னதில்லையாம். அடுத்த வாரமே ஓடத் தொடங்கிவிட்டான். பத்தாம் வகுப்பும் தேறினான், பன்னிரண்டும் தேறினான். எல்லாம் அந்த ஒரு தகுதிக்காக.

2021இல் ஆள்சேர்ப்பு முகாமில் ஓடினான். உடற்தகுதி, மருத்துவப் பரிசோதனை இரண்டிலும் தேறினான். எழுத்துத் தேர்வுக்குக் காத்திருந்தான். கொரோனாவால் தேர்வு தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. 2022 ஜூன் 14 அன்று அக்னிபாத் திட்டம் அறிவிக்கப்பட்டது. பதினேழரை முதல் 21 வயது வரை, நான்கு ஆண்டுச் சேவை, பிறகு நான்கில் ஒருவருக்கு வரை தொடர வாய்ப்பு. பழைய நடைமுறை அதோடு முடிந்தது. காத்திருந்தவர்கள் புதிதாகத் தொடங்க வேண்டும். திட்டத்தின் நிறை குறையைப் பேச நான் இங்கே வரவில்லை. அந்த வாரம் நம் ஊரிலேயே, போர் நினைவுச் சின்னத்தருகே இளைஞர்கள் கூடி நின்றதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். நான் அந்தக் கூட்டத்தில் ஒரு முகத்தைத் தேடினேன். அவன் போகவில்லையாம். கடற்கரையில் ஓடிக்கொண்டிருந்தானாம். அந்த ஆண்டுக்கு மட்டும் வயது வரம்பை 23 ஆக உயர்த்தியிருந்தார்கள். போனான். சில வினாடிகள் பிந்திவிட்டான். அடுத்த ஆண்டு வரம்பு பழையபடி 21. அவனுக்கு 22.

நடுவில் ஒருமுறை அவனைத் தி. நகரில் பார்த்தேன். ஒரு ஜவுளிக் கடை வாசலில் காவலாளி உடையில், தோளில் பட்டையோடு, தீபாவளிக் கூட்டத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் விறைப்பாக ஒரு சல்யூட். பின்னால் வந்தவர்கள் என்னைப் பெரிய அதிகாரி என்று நினைத்து வழி விட்டார்கள். நான் உள்ளே போய், ஒன்றும் வாங்காமல், வேறு வாசல் வழியாக வெளியே வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் பன்னிரண்டாம் வகுப்பில் அந்தப் போலந்துக் கதையைச் சொன்னேன். சொல்லிவிட்டு, ஒரு தாளை எடுக்கச் சொன்னேன். "இன்று பிற்பகல் மூன்று மணிக்கு எழும்பூரில் உனக்கு ரயில். எங்கே போகிறாய், எப்போது திரும்புவாய் என்று தெரியாது. இப்போது காலை மணி ஒன்பது. என்ன செய்வாய்? எழுது. பெயர் போட வேண்டாம்."

அந்தத் தாள்களை இன்னும் வைத்திருக்கிறேன். பிரியாணி சாப்பிடுவேன் என்று நாலு பேர். கோயிலுக்கு, தர்காவுக்கு, சாந்தோம் சர்ச்சுக்கு என்று சிலர். எதிர்பார்த்ததுதான். ஒருவன் எழுதியிருந்தான்: ரங்கநாதன் தெருக் கடையில் பொங்கல் சமயத்தில் வேலை பார்த்த பன்னிரண்டு நாள் கூலி பாக்கி இருக்கிறது, போய் வாங்கி அம்மாவிடம் கொடுப்பேன். இன்னொருவன்: தண்ணி லாரி நாலு மணிக்குத்தான் வரும், அதற்குள் நான் போய்விடுவேன், அம்மாவால் மாடிக்குக் குடம் தூக்க முடியாது, அதனால் பக்கத்து வீட்டு அண்ணனிடம் சொல்லிவிட்டுப் போவேன். ஒருவன் அடகுக் கடை ரசீது எங்கே இருக்கிறது என்று தங்கைக்குக் காட்டுவானாம். ஒருவன், அப்பாவிடம் ஒரு வருடமாகப் பேசவில்லை என்று மட்டும் எழுதியிருந்தான். பேசுவேன் என்று எழுதவில்லை. ஒரு தாளில் ஒன்றுமே இல்லை. தேதி மட்டும் போட்டிருந்தது.

ஒரு வருடம் முழுக்க நான் அவர்கள் வகுப்பில் நின்றிருக்கிறேன். எமிஸில் அவர்களுடைய இரத்த வகை வரை ஏற்றியிருக்கிறேன். மாடிக்குத் தண்ணீர் தூக்குகிறவன் யார் என்று எனக்குத் தெரியாது. எழுத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று பார்த்தேன். பிறகு, பெயர் போட வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டுத் தேடுவது சரியில்லை என்று விட்டுவிட்டேன். ஒன்றே ஒன்று செய்தேன். அந்த மாதம் முழுவதும் நாலு மணிக்கு வைத்திருந்த சிறப்பு வகுப்பைக் காலைக்கு மாற்றினேன். வருகை கூடியது. காரணத்தைத் தலைமையாசிரியரிடம் விளக்கத்தான் கொஞ்சம் சிரமப்பட்டேன்.

கடைசியாக ஒன்று. போன வருடம் அந்தப் பழைய மாணவன் பள்ளிக்கு வந்தான். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்கு விண்ணப்பிக்கிறானாம். சான்றிதழ்களையெல்லாம் ஒருமுறை சரிபார்த்துக் கொடுக்க வேண்டும் என்றான். டி.சி.யை எடுத்து நீட்டினான். என் கையெழுத்து. 'அ. வலது கையில் ஒரு மச்சம்.'

"சார், எனக்கு அங்க மச்சமே இல்ல சார்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. ஆறு வருடமாகத் தெரியுமாம், சொல்ல வேண்டாம் என்று இருந்தானாம். அந்த ஜூன் மாதம் எனக்கு நினைவிருக்கிறது. மதியத்துக்குள் நாற்பது டி.சி. அவன் அம்மா மீன் விற்கப் போயிருந்ததால் வரவில்லை, அவனும் இல்லை. முந்தைய பையனுக்கு எழுதியதையே இவனுக்கும் எழுதியிருக்கிறேன்.

நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னேன். உட்காரத் தயங்கினான். உட்கார்ந்தான். திருத்தம் செய்ய என்னென்ன வேண்டும் என்று அலுவலக உதவியாளரிடம் கேட்டு ஒரு தாளில் குறித்தேன். பிறகு, உண்மையான அடையாளம் என்ன இருக்கிறது, காட்டு என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தான். இடது காலைத் தூக்கிக் குதிகாலைக் காட்டினான். ஓடும்போது கிளிஞ்சல் கிழித்த தழும்பு, ஒரு விரல் நீளம்.

"இதைப் போடலாமா சார்?"

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பக்கத்தில் வைத்துப் பார்த்து, எழுதினேன்.